அந்த ஒரு தடத்தை ஏன் விட்டுவைத்தோம்

தர்ஷினி கேட்டது சாதாரணக் கேள்விதான். அவளிடம் பேசி ஃபோனை வைத்ததிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துணி காயப்போடப் போய் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன், அது பொங்கி வழிந்தது. கோலா குபு பாரு மாதிரி அமைதியான ஊரில் வீடு வாங்கினால் ஓய்வுக் காலத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று யோசனை சொன்னவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அமைதி ஒத்துவராது. வேலையில் இருந்த காலத்திலேயே நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன்.

தர்ஷினி, நான் வேலை செய்த தோட்டக் கம்பெனியின் கணினிப் பிரிவில் இருக்கிற பெண். ரவாங்கில் வீடு. நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் புதிதாகச் சேர்ந்தவள். பழைய சமாச்சாரம் ஏதாவது புரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவாள். இன்று காலையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

“ஆன்ட்டி, தோட்டத்து புரோகிராமுக்கும் தலைமை ஆபீஸ் புரோகிராமுக்கும் நடுவுல செஷன் ஒன்னே ஒன்னுதான் போட்டிருக்கு. மத்ததுக்கெல்லாம் எட்டு இருக்கு. இது மட்டும் ஏன் ஒன்னு? யாராச்சும் மறந்துட்டாங்களா?”

“யாரும் மறக்கல.”

“அப்புறம் ஏன்? சாயந்திரமானா ரொம்ப ஸ்லோ. கம்ப்ளைண்ட் வந்துக்கிட்டே இருக்கு. இதையும் எட்டாக்கிடறேன் லா. டெஸ்ட் பண்ணிட்டேன், ஓகேதான். மேனேஜரும் கையெழுத்து போட்டுட்டாரு. இன்னைக்குச் சாயந்திரம் மாத்திடுவோம்.”

“டெஸ்ட்ல எத்தன ஆளு வச்ச?”

“நாலஞ்சு பேரு இருக்கும்.”

“தர்ஷினி, நான் சொல்ற மாதிரி இன்னொரு தடவ செஞ்சு பாரு. பெரிய தோட்டமா எடுத்து முழு ஆளையும் போடு. ‘நேற்று மாதிரியே’ன்னு ஒரு விசை இருக்குல்ல, அத அழுத்து. அழுத்துன கையோட ஒரே ஒரு ஆள நீக்கு. நின்னு யோசிக்காத. அப்புறம் தாள எடுத்துப் பாத்துட்டு என்னைக் கூப்புடு. அதுவரைக்கும் எதையும் தொடாத.”

“ஏன் ஆன்ட்டி?”

“மொதல்ல செய்யி. அப்புறம் சொல்றேன்.”

சொல்வதற்கு நிறைய இருந்தது. ஃபோனில் சொன்னால் அவள் பாதியில் ‘ஓகே ஆன்ட்டி’ என்று சொல்லி முடித்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

நான் பாத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா ரப்பர் எடுக்கப் பால்மரம் சீவினார், அம்மா களை வெட்டினார். படித்தது, கோலாலம்பூருக்குப் போய்க் கணினி கற்றது, பயிற்சியில் ராத்திரி பகலாகக் கண் எரியக் கையேடுகளைப் படித்தது எல்லாம் எல்லோருக்கும் இருக்கிற கதைதான். அதை நீட்டி எழுத எனக்கே பொறுமை இல்லை. கடைசியில், பல தோட்டங்களை நடத்திய ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை கிடைத்தது. கம்பெனிக்கு இரண்டு மையக் கணினிகள். பெரியது கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் இருந்தது. சிறியது கோலா சிலாங்கூர் வட்டார அலுவலகத்தில் இருந்தது. என்னைக் கோலா சிலாங்கூரில் போட்டார்கள்.

தோட்டத்தில் பெரட்டு என்று ஒன்று உண்டு. விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுவது. எங்கள் கம்பெனியில் அந்தப் பெரட்டுத் தாளைக் கணினி அச்சடித்துக் கொடுத்தது. முந்தைய நாள் சாயந்திரம் ஒவ்வொரு தோட்டத்துக் கிராணியும், அதாவது ஆபீஸ் கணக்கப்பிள்ளை, மறுநாள் ஆட்களின் விவரத்தைத் திரையில் போடுவார். அது கோலா சிலாங்கூர் இயந்திரத்துக்கு வரும். எங்கள் இயந்திரம் ‘ஏற்கப்பட்டது’ என்று உடனே பதில் சொல்லிவிட்டு, விவரத்தைக் கோலாலம்பூர் இயந்திரத்துக்கு அனுப்பி வைக்கும். அங்கே பட்டியல் தயாராகித் தோட்டத்துக்குத் திரும்பி வரும். ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் அதைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுவார். தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைய சட்டம்.

இப்படி இரண்டு இயந்திரங்களில் இருக்கிற இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ள ஒரு தடம் வேண்டும். அதைத்தான் செஷன் என்கிறோம். ஒற்றைச் செஷன் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான். அது முடிகிறவரை மற்றவை காத்திருக்க வேண்டும். இணைச் செஷன்கள் என்றால் அதே இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே பல தடங்கள், பல பேச்சுகள் ஒரே சமயத்தில் நடக்கும். லயத்தில் பொதுக்குழாய் ஒன்றே இருந்தால் வந்த வரிசையில்தான் தண்ணீர் பிடிக்க முடியும். குழாயை எட்டாக்கினால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. இதில் ஒரு வம்பு இருக்கிறது. அது எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

எங்கள் தலைவர் தனபாலன். மிஸ்டர் தனபாலன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நெட்டையான மனிதர், வெள்ளைச் சட்டை, கால்சட்டைப் பையில் சாவிக்கொத்து. அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. இயந்திர அறையில் இருந்த நாற்காலிகளை எடுத்து வெளியே போடச் சொன்னவர் அவர். உட்கார்ந்தால் மூளையும் உட்கார்ந்துவிடும் என்பார். சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிடுவார். அவர் யோசிக்கிறார் என்பதைப் பையில் சாவி குலுங்குகிற சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வோம்.

ஏதாவது கோளாறு என்று போய் நின்றால் அவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “மொதல்ல நடந்தது எது?” நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நடுவில் ‘அதே சமயத்துல’ என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். “அதே சமயத்துலன்னு ஒன்னு கெடையாது, மிஸ் தேவகி. ஒன்னு முன்ன, ஒன்னு பின்ன. உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க” என்பார். குரலை உயர்த்த மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும். அந்த வயதில் எனக்கு அவர் மேல் கோபம் வராத நாள் குறைவு.

சாயந்திரமானால் எங்கள் அலுவலகத்தில் ஃபோன் ஓயாது. எல்லாத் தோட்டத்துக் கிராணிகளும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து விவரம் போடுவார்கள். ஒரு பெரிய தோட்டத்துப் பட்டியல் தடத்தில் ஏறிவிட்டால் அது முடிகிறவரை சின்னத் தோட்டங்கள் எல்லாம் பின்னால் நிற்க வேண்டியதுதான். தாள் வரத் தாமதமானால் கிராணிகள் போகவில்லையோ என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள். மறுபடி அழுத்தினால் வரிசை இன்னும் நீளும். “என்னாங்க, எங்க தோட்டத்த மறந்துட்டீங்களா, மழ வேற வருது, நான் வீட்டுக்குப் போவ வேணாமா?” என்று தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து ஒருவர் தினமும் சத்தம் போடுவார். தலைமை அலுவலகம் இணைச் செஷன் போடச் சொன்னது. நாங்களும் சரி என்றோம்.

அந்த மாற்றத்தைத் தனபாலன் செய்த விதம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எத்தனை தடம் என்பதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாம் எட்டு என்று சொல்லி அந்தப் பக்கம் நாலு என்று சொன்னால் நாலுதான் கிடைக்கும். ஒவ்வொரு தடத்திலும் யார் முதலில் பேச்சைத் தொடங்கலாம் என்ற உரிமையையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து முட்டிக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் அவர் ஒரு வரி வாசிப்பார், கோலாலம்பூரில் இருக்கிற ஆபரேட்டர் அதே வரியை ஃபோனில் திருப்பிச் சொல்ல வேண்டும். பழைய தடத்தை அறுக்க விடமாட்டார். நடந்துகொண்டிருக்கிற பேச்சு தானாக முடிகிறவரை காத்திருந்து, புதியதை யாரும் தொடங்காமல் தடுத்து, பிறகுதான் இறக்குவார். எட்டையும் ஏற்றியதும் ஒவ்வொரு தடமாகச் சோதித்தார். எல்லாம் பிழையில்லாமல் ஓடியது. மாற்றத்துக்கான தாளின் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாயந்திரம் ஃபோன் ஒன்றுகூட வரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் மட்டும் சாவியைக் குலுக்கிக்கொண்டே நடந்தார்.

தடங்களைக் கூட்டி ஒரு மாதம் இருக்கும். எண்ணெய் எடுக்கிற செம்பனையில் புழு விழுந்து, ஓயாமல் பூச்சி மருந்து அடித்த காலம் அது. மருந்தடிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி அவர்களிடம் அவ்வப்போது ரத்தம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். ரத்தத்தில் விஷம் ஏறியிருந்தால் அது இறங்குகிறவரை அந்த ஆளை மருந்துப் பக்கம் விடக்கூடாது, களை வேலைக்கு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரி, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிற டிரஸ்ஸருக்குச் சொல்லும். டிரஸ்ஸர் கிராணிக்குச் சொல்வார். கிராணி மருந்துப் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவார். யாரும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. தாள் சொல்லிவிடும் என்பது எல்லோருடைய எண்ணம்.

சரோஜா என்று ஒரு பெண் அப்படி ரத்தம் கொடுத்திருந்தார். விஷம் நன்றாக ஏறியிருக்கிறது என்று சாயந்திரம் செய்தி வந்தது. மறுநாள் காலைப் பெரட்டில் மண்டோர் மருந்து வேலைக்குப் பெயர் கூப்பிட்டபோது சரோஜாவின் பெயரும் வந்தது. அவரும் முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறுவதற்குள் மர நிரையில் விழுந்துவிட்டார். வாயில் நுரை, கண்ணில் பார்வை இல்லை. லோரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பழி கிராணி மாணிக்கத்தின் மேல் விழுந்தது. சரோஜாவின் புருஷனுக்கும் அவருக்கும் முன்பே வாய்ச்சண்டை இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பெயரை விட்டுவிட்டார் என்று தோட்டமே பேசியது. மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சரோஜாவின் புருஷன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். துரை, அதாவது தோட்ட மேலாளர், மாணிக்கத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டு, கணினி என்ன சொல்கிறது என்று எங்களைக் கேட்டார்.

கோலாலம்பூர்ப் பதிவை எடுத்துப் பார்த்தவள் நான்தான். அதில் தெளிவாக இருந்தது. முதலில் சரோஜாவின் நீக்கம், அதற்குப் பிறகு முழுப் பட்டியல். அதாவது மாணிக்கம் முதலில் பெயரை நீக்கியிருக்கிறார், பிறகு ‘நேற்று மாதிரியே’ என்ற விசையை அழுத்தி அவரை மறுபடி உள்ளே கொண்டுவந்துவிட்டார். நேற்றைய ஆட்களை அப்படியே நாளைக்கும் போடுகிற விசை அது. லீவில் போனவர்களை மட்டும் பிறகு ஒவ்வொருவராக நீக்குவது கிராணிகளின் வழக்கம். கவனக்குறைவோ வேண்டுமென்றோ, வரிசையை மாற்றிச் செய்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. பால்மரம் சீவினவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிராணி மேல் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. நான் விறுவிறுவென்று போய்த் தனபாலனிடம் சொன்னேன்.

“மொதல்ல வந்தது எது?” என்று கேட்டார்.

“நீக்கம்தான் சார். அப்புறம்தான் லிஸ்ட்டு. பதிவுல இருக்கு.”

சாவி குலுங்கியது. “வந்தது மொதல்ல. சரி. மொதல்ல அனுப்புனது எது?”

“வந்ததுதானே சார் அனுப்புனது?”

சாவிச் சத்தம் நின்றுவிட்டது. அது நின்று நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒரே தடம் இருந்தவரை அனுப்பிய வரிசையும் வந்த வரிசையும் ஒன்றுதான், அதனால் அனுப்பிய வரிசையைத் தனியாக யாரும் குறித்துவைக்கவில்லை. இப்போது குறித்துவைக்காததால், மாணிக்கம் என்ன வரிசையில் செய்தார் என்பதற்கு அவர் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. “கார எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினோம். தான் போனால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லி என்னை மட்டும் உள்ளே அனுப்பினார். சரோஜா கண் திறந்திருந்தார். கை இரண்டும் கட்டிலில் உதறிக்கொண்டே இருந்தன. உடம்பு சரியில்லாமல் ஏன் மருந்தடிக்கப் போனீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“பேரு வந்துச்சேம்மா. ரத்தம் கெட்டுருந்தா பேரு வராதுல்ல? பேரு வந்துருச்சு, அப்ப நாம நல்லா ஆயிட்டோம்னு நெனச்சேன். சந்தோசமாத்தான் போனேன்.”

அவருக்கு அந்தத் தாள் ஆஸ்பத்திரி முடிவு மாதிரி. அதை நம்பித்தான் விஷத்துக்குள் போயிருக்கிறார். வெளியே வந்து காரில் ஏறித் தனபாலனிடம் அப்படியே சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டோர் குப்புசாமியைத்தான் அவர் முதலில் பார்த்தார். “ஒரு விசயம் கேக்கறேன். சமீபமா, லீவுல போன ஆளுங்க பேரு தாள்ல வருதா?”

மண்டோர் சிரித்துவிட்டார். “ஏன் சார் கேக்கறீங்க! ஒரு மாசமா கூத்துதான். ஊருக்குப் போனவன் பேரு வருது, புள்ள பெத்துப் படுத்துருக்கறவ பேரு வருது. நான் கூப்புடுவேன், யாரும் வர மாட்டாங்க, பேர அடிச்சுட்டுப் போயிடுவேன்.”

“ஆபீஸ்ல சொல்லலியா?”

“வராத ஆளு பேரு வந்தா என்னா சார் நட்டம்? ஆளுதான் இல்லியே.”

ஒரு மாதமாக அந்தப் பிழை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. நீக்கப்பட்டவர்கள் எல்லாம் வீட்டில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நீக்கப்பட்ட பிறகும் பெரட்டுக்கு வந்து நின்ற முதல் ஆள் சரோஜா. களை வேலையாவது கொடுப்பார்கள் என்று அவர் வரத்தானே வேண்டும்.

சாயந்திரம் கிராணி ஆபீசுக்கு மாணிக்கத்தை வரவழைத்தார் தனபாலன். மாணிக்கம் சவரம் செய்யாத முகத்தோடு வாசலிலேயே நின்றார். துரையும் மண்டோரும் உள்ளே இருந்தார்கள்.

“மிஸ்டர் மாணிக்கம், அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ அதையே செய்ங்க. எதையும் மாத்தாதீங்க.”

“நான் சொன்னா யாரு சார் நம்பறா?”

“சொல்ல வேணாம். செய்ங்க.”

மாணிக்கம் உட்கார்ந்தார். ‘நேற்று மாதிரியே’ அழுத்தினார். திரை ‘ஏற்கப்பட்டது’ என்றது. அதே கையோடு அடுத்த பக்கத்துக்குப் போய் ஒரு பெயரை அடித்து நீக்கினார். பழகின கை, தட்டச்சுச் சத்தம் நிற்கவே இல்லை. ‘ஏற்கப்பட்டது’. தனபாலன் கோலாலம்பூர் ஆபரேட்டரோடு ஃபோனில் இருந்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

“மொதல்ல வந்தது எது?”

“நீக்கம் சார். ‘நீக்க எதுவும் இல்லை, சரி’ன்னு முடிச்சுட்டுப் போயிருச்சு.” கொஞ்ச நேரம் இரைச்சல். “இப்பதான் சார் லிஸ்ட்டு வருது. பெரிய லிஸ்ட்டு.”

எட்டுக் குழாய் போட்ட வம்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் வந்தவர் பீப்பாய் மாதிரிப் பெரிய தோம்பை வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறார். அடுத்து வந்தவர் பக்கத்துக் குழாயில் செம்பைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே போய்விடுகிறார். சின்னத் தோட்டங்களில் பட்டியலும் சின்னது என்பதால் முந்த நேரம் கிடைக்காது. இந்தத் தோட்டத்தில்தான் மறுநடவுக்காக இரண்டு பிரிவு ஆட்களை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். எங்கள் சோதனையில் ஒவ்வொரு தடமும் சரியாகத்தான் ஓடியது. ஒன்று இன்னொன்றை முந்துமா என்று நாங்கள் பார்க்கவில்லை.

தனபாலன் ஃபோனை வைத்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு மாணிக்கத்தைப் பார்த்துச் சொன்னார். “நீங்க செஞ்சது சரி. முன்ன அனுப்புனத நாங்க பின்ன கொண்டுபோயிருக்கோம். அந்த மாத்தத்துக்குக் கையெழுத்து போட்டவன் நான். நாளைக்குப் பெரட்டுல எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன்.”

துரை, இதை அறிக்கையில் எழுதிக்கொள்ளலாமே, ஆட்களுக்கு எதற்கு என்றார். தனபாலன் ஒத்துக்கொள்ளவில்லை. “அவர் சட்டையப் புடிச்சது அறிக்கையில இல்லியே. பெரட்டுலதான?”

மறுநாள் விடிகாலை நாங்கள் பெரட்டுக் களத்தில் நின்றோம். பனி இறங்கியிருந்தது. தனபாலன் உரக்கப் பேசத் தெரியாதவர், பின்னால் நின்றவர்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். கணினி என்றால் என்ன, தடம் என்றால் என்ன என்றெல்லாம் அவர் விளக்கவில்லை. மாணிக்கம் பெயரை நீக்கினார், எங்கள் இயந்திரம் அதைத் தொலைத்தது, தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னார். சரோஜாவின் புருஷன் கூட்டத்தில் இருந்தார். அவர் தனபாலனை நோக்கிக் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார். தனபாலன் அசையவில்லை. மாணிக்கம் தாளை வாங்கி மண்டோரிடம் கொடுத்தார், பெயர் கூப்பிடுவது தொடங்கியது.

அன்றே அந்த இரண்டு புரோகிராம்களுக்கும் நடுவில் செஷனை மறுபடி ஒன்றாக்கினோம். புரோகிராமையே மாற்றி, ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் போட்டு, முந்தி வந்தது நின்று காத்திருக்கும்படி செய்ய வேண்டும் என்று தனபாலன் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருசம் அவர் இல்லை, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் எழுதிக் கேட்டேன், பலன் இல்லை. மாணிக்கத்தை மறுபடி வேலையில் வைத்துக்கொண்டார்கள், ஆனால் அவர் மனம் ஒட்டவில்லை. சில மாதத்தில் விட்டுவிட்டு சுங்கை புரோங் பக்கம் மளிகைக் கடை வைத்தார். மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அந்த ஒரு தடத்தை நான் காவல் காத்தேன். மேலாளர்கள் மாறும்போதெல்லாம் ஒருவர் ‘இது ஏன் ஒன்று’ என்று கேட்பார், நான் போய்ச் சண்டை போடுவேன். ஓய்வு பெறுகிற அன்று அதைப் பற்றி எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். அது எந்த இடமாற்றத்தில் எங்கே போனதோ.

இதை இந்த அளவுக்கு எழுதியபோது மணி பார்த்தேன். தர்ஷினி கூப்பிடவில்லை. இரண்டு தடவை நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்குள் நடந்து பார்த்தேன், முடியவில்லை. கார் சாவியை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று நினைக்காமலே பாத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோலா சிலாங்கூருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். மனம் கொள்ளாத நாளில் நான் சரோஜாக்கா வீட்டுக்குத்தான் போவது வழக்கம். புருஷன் போன பிறகு மகனோடு மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறார்.

கதவைத் திறந்ததும் “என்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்றார். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். அவர் கிளாசை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத்தான் தூக்குவார், விரல்கள் பிடிக்காது. அன்றைக்கு உதறத் தொடங்கிய கை இன்னும் நிற்கவில்லை. நான் காலையில் நடந்ததைச் சொன்னேன். தடம் கிடம் எல்லாம் அவருக்கு வேண்டியதில்லை.

“இன்னும் அந்தத் தாளுதான் போடறாங்களா?”

“இன்னும் அதேதான்க்கா.”

“இப்ப யாரு மருந்தடிக்கறது? நம்ம ஆளுங்கதான் யாரும் இல்லியே.”

“பங்களாதேஷ் பசங்க, இந்தோனேசியாக்காரவங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது ஃபோன் அடித்தது. தர்ஷினி. அவசரத்தில் நான் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன்.

“ஆன்ட்டி, சாரி, இப்பதான் முடிஞ்சுச்சு. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். போன வாரத்து நெசமான லிஸ்ட்ட காப்பி எடுத்துப் போட்டேன். ரத்தம் சரியில்லன்னு எடுத்துருந்த ஆளு ஒருத்தரு இருந்தாரு, சுமோன்னு பேரு, அவரத்தான் நீக்குனேன்.” அவள் குரல் இறங்கியது. “பேரு தாள்ல இருக்கு ஆன்ட்டி.”

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜாக்கா கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஃபோன் பக்கம் குனிந்தார்.

“அம்மாடி, அந்தப் பையன வேலைக்குப் போவ வேணாம்னு சொல்லும்மா.”

“இல்லங்க, இது சும்மா டெஸ்ட்டுதான். நெசமா இல்ல.”

“பேரு வந்துருச்சுன்னா அவன் என்னா நெனைப்பான்? நல்லா ஆயிட்டோம்னு நெனைச்சுக்குவான். சந்தோசமாப் போவான். நீ ஓடிப் போய்ச் சொல்லு.”

தர்ஷினி மெதுவாகக் கேட்டாள்.

“ஆன்ட்டி, பேசறது யாரு?”

“ஏன் ஒன்னுன்னு காலையில கேட்டியே, தர்ஷினி,” என்றேன். “இவங்கதான்.”